லேத்தில் கடைந்த கண்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சந்துகளில் லேத் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தப் பொருளை முதலில் காட்ட வேண்டும். ஆறு மில்லிமீட்டர் விட்டத்தில் தெளிந்த ஒரு வட்டு. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஓரத்திலிருந்து மெல்லிய கைகள் இரண்டு வளைந்து நீண்டிருக்கும். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை அளந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர். அக்ரிலிக் துண்டை லேத்தில் ஏற்றி ஒரு முகத்தைக் கடைந்து, திருப்பிப் பொருத்தி மறுமுகத்தைக் கடைந்து, மில்லிங்கில் கைகளை வெட்டி, நாட்கணக்கில் பாலீஷ் போட்டு எடுக்கிறார்கள். மைக்ரான் கணக்கில் வேலை பார்த்துப் பழகியவருக்கு இந்த வேலை ஓட்டம் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் இந்த உருப்படி வண்டிக்கோ கடிகாரத்துக்கோ போவதில்லை. புரை எடுத்த கண்ணுக்குள் போகிறது. போனால் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இதை ‘லென்ஸ் வைக்கிறது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். தளியிலோ அஞ்செட்டியிலோ இருக்கும் அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிவந்த மகன், “லோக்கல் லென்ஸ் போதுமா, இம்போர்ட்டட் வைக்கணுமா சார்?” என்ற கேள்விக்கு முன்னால் தடுமாறி நிற்கிறான். விலை குறைந்ததை வைத்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று அவனுக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கான பதில் இந்த லென்ஸ் பிறந்த கதைக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணில் பிறவியிலேயே ஒரு லென்ஸ் உண்டு. கருவிழிக்குப் பின்னால், பாப்பாவின் துளைக்கு அடுத்தாற்போல அது இருக்கிறது. அதில் ரத்தக் குழாய் கிடையாது. நடுப்பகுதியில் உள்ள புரதம் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது, கடைசிவரை புதுப்பிக்கப்படாது. எழுபது, எண்பது வருடம் வெளிச்சத்தை வாங்கி வாங்கி அந்தப் புரதம் திரிந்து, கட்டிக்கொண்டு, மஞ்சளாகி, பழுப்பாகி ஒளியை மறிக்கிறது. அதுதான் கண்புரை. கண்ணின் மேல் படரும் சதை என்று பலர் நினைப்பது சரியல்ல. வெளியிலிருந்து சொட்டு மருந்து விட்டு அதைக் கரைக்க முடியாததற்குக் காரணமும் இதுதான்: திரிந்த புரதத்தைப் பழையபடி தெளியவைக்கும் மருந்து இன்றுவரை வரவில்லை.

வயதுதான் முதல் காரணம். சர்க்கரை இருந்தால் சீக்கிரம் வரும். மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் மெடிக்கல் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு காரணம். நம் பகுதிக்கென்று கூடுதலாகச் சில உண்டு. உருக்கு வார்ப்பு, ஃபோர்ஜிங் பட்டறைகளில் வருடக்கணக்கில் உலைக்கு முன் நிற்பவர்களுக்கு அந்த வெப்பக் கதிரே லென்ஸைக் கெடுக்கும். கிரைண்டிங்கில் தெறிக்கும் இரும்புச் சில்லு, கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரிகளில் தெறிக்கும் கிரானைட் சில்லு இவை கண்ணைத் துளைத்தால் முப்பது வயதிலேயே புரை விழும்.

அறிகுறி மெதுவாகத்தான் வரும். இரவில் நெடுஞ்சாலையில் எதிர் வண்டியின் ஹெட்லைட் சிதறித் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறும். சிலருக்கு நடுவில் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிந்துவிடும். பார்வை திரும்பிவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்துபோவார்கள். லென்ஸ் இறுகி அதன் பவர் கூடியதால் கிடைத்த தற்காலிகச் சலுகை அது.

கெட்டுப்போன லென்ஸை வழியிலிருந்து விலக்கும் வித்தை மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையிலேயே அந்த முறை இருக்கிறது: கூர்மையான கருவியைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவது. புரை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். பலருக்கு அந்தக் கண் பின்னர் அழற்சியில் கெட்டது. லென்ஸை வெளியிலேயே எடுத்துவிடும் முறையை பிரெஞ்சு மருத்துவர் ழாக் டாவியேல் 1747இல் தொடங்கிவைத்தார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரையச் செய்து சிகிச்சைக் குறிப்பு எழுதி வைத்தார். அந்தச் சுவடுகள் இன்னும் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் எடுத்த லென்ஸின் இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலியிடத்தை நிரப்பியது சோடாபுட்டிக் கண்ணாடி.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஏறத்தாழ பிளஸ் பத்து பவர். முன்பக்கம் புடைத்த அந்தக் கனத்த கண்ணாடி மூக்கை அழுத்திப் பள்ளமாக்கிவிடும். அதன் வழியே பார்த்தால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். கதவு நிலை வளைந்திருக்கும். படி எங்கே முடிகிறது என்று கால் தடவித்தான் இறங்க வேண்டும். பார்வையின் ஓரத்தில் வட்டமாக ஒரு குருட்டுப் பட்டை இருப்பதால் பக்கவாட்டிலிருந்து வரும் ஆள் திடீரென்று முளைத்தாற்போல் நிற்பார். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி மறு கண் நன்றாக இருந்தால் இன்னும் தொல்லை. ஒரு கண் பெரிதாகவும் மறு கண் சாதாரணமாகவும் காட்டும் இரு உருவங்களை மூளையால் சேர்க்க முடியாது. எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். இதற்கெல்லாம் மேலே ஒன்று: கண்ணாடி உடைந்தால் அன்றோடு பார்வை போனது. கிராமத்தில் இன்னொரு கண்ணாடிக்கு வழியில்லாத கிழவி, ஆபரேஷன் வெற்றியாக முடிந்தும் குருடியாகவே இருந்து செத்தாள். இப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆபரேஷனும் எளிதாக இல்லை. லென்ஸை அதன் உறையோடு சேர்த்து உறைகுளிர்க் கருவியில் ஒட்டவைத்து இழுத்தெடுத்தார்கள். அதற்குக் கருவிழியின் ஓரத்தில் பாதி வட்டம் அளவுக்கு வெட்ட வேண்டும். தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக்கூடாது என்று நாட்கணக்கில் படுக்க வைத்தார்கள்.

காலியிடத்தை நிரப்பும் யோசனை ஒரு போரிலிருந்து வந்தது. 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வான்போரில் கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. விமானியை மூடியிருந்த கூரை பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக்கால் ஆனது. அது சிதறி அவர் கண்களுக்குள் துகள்களாகப் பாய்ந்தது. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹெரால்டு ரிட்லி ஒருவர். கண்ணுக்குள் எந்த அந்நியப் பொருள் போனாலும் அழற்சி வரும் என்பதுதான் அதுவரை பாடம். கூர்முனை குத்தி உறுத்தாத இடங்களில் இந்த அக்ரிலிக் துகள்களைக் கண் சகித்துக்கொண்டதை அவர் கவனித்தார். அப்படியே மனதில் போட்டுவைத்தார். 1948இல் அவர் புரை எடுப்பதை நின்று பார்த்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக ஒன்றை வைக்க முடியாதது வருத்தம்தான் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ரிட்லி சும்மா இருக்கவில்லை.

ரேனர் என்ற லென்ஸ் நிறுவனம் அவருக்கு லென்ஸ் கடைந்து கொடுத்தது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் கட்ட அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் கட்டமாக 1950 பிப்ரவரியில் லென்ஸ் நிலையாக வைக்கப்பட்டது. லேத் தெரிந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிட்லி இயற்கை லென்ஸின் வளைவையே ஒட்டி அளவு கொடுத்துவிட்டார். அக்ரிலிக்கோ இயற்கை லென்ஸைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். அதனால் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. பொருள் மாறினால் வளைவின் ஆரமும் மாற வேண்டும். அடுத்த லென்ஸ்களில் அதைத் திருத்தினார்கள்.

ரிட்லி 1951இல் இதைச் சக மருத்துவர்கள் முன் வைத்தபோது பெரிய பெரிய பெயர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நோயாளியின் கண்ணில் பிளாஸ்டிக்கை வைப்பது அடாத செயல் என்றார்கள். அவருடைய லென்ஸுக்கு உண்மையான குறைகளும் இருந்தன. கனம் அதிகம், இடம் விட்டு நழுவியது. கைகள் முளைத்தது பிறகுதான். அமெரிக்காவில் ஸ்டீவன் ஷியரிங் 1977இல் வளைந்த கைகளோடு ஒரு லென்ஸை வடிவமைத்தார். இன்றைய லென்ஸின் உருவம் அங்கிருந்து வருகிறது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1981இல் கிடைத்தது. ரிட்லியின் முதல் லென்ஸிலிருந்து அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதுமையில் ரிட்லிக்கே புரை வந்தது. அதே செயின்ட் தாமஸில் அவர் கண்களிலும் லென்ஸ் வைத்தார்கள்.

இதுவரை சொன்னது லென்ஸின் முதல் பிறப்பு. இரண்டாம் பிறப்பு மதுரையில் நடந்தது. என் கணக்கில் அதுதான் பெரியது.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி பிரசவ மருத்துவராக விரும்பியவர். முப்பது வயதை ஒட்டி வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியது. கண் மருத்துவத்துக்கு மாறி, தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, ஆயுளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல், 58 வயதில், தங்கை ஜி. நாச்சியாரும் அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமியும் சேர்ந்துகொள்ள, மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுப்பவர் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் சிகிச்சை என்பது ஏற்பாடு. கிராமம் கிராமமாக முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றி வந்து, ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

லென்ஸ் வந்தபோது அந்த ஏற்பாட்டில் ஒரு விரிசல் விழுந்தது. 1980களில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தது. 1992 வாக்கில் அதை ரூபாயில் போட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பணம் கட்டியவருக்கு லென்ஸ், முகாம் நோயாளிக்கு சோடாபுட்டி. ஒரே கூரை, ஒரே மருத்துவர், இரண்டு வகைப் பார்வை! நன்கொடையாக லென்ஸ்கள் வந்தன. ஆனால் நன்கொடையை நம்பி லட்சக்கணக்கான கண்ணுக்குத் திட்டம் போட முடியாது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் தேவையில்லை, கண்ணாடியே போதும் என்று வெளிநாட்டு வல்லுநர்கள் பலரும் அறிவுரை சொன்னார்கள். அந்த அறிவுரையை வெங்கடசாமி ஏற்கவில்லை. அதை ஏற்றிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை வழியாக அரவிந்துக்கு வந்த டேவிட் கிரீன் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: லென்ஸ் விற்கிற விலை தெரிகிறது, அதைச் செய்ய ஆகும் செலவு எவ்வளவு? பார்த்தால் விலையில் பெரும்பங்கு பொருளுக்கோ கூலிக்கோ போகவில்லை. பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்பம் தர மறுத்தன. ஒரு சிறிய அமெரிக்க நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தர ஒப்புக்கொண்டது. 1992இல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. தொடக்கத்தில் ஒரு லென்ஸ் பத்து டாலர் அளவில் விற்றது. பிறகு இன்னும் இறங்கிச் சில டாலருக்கு வந்தது.

அதற்குச் சில ஆண்டு முன்னால்தான், 1980களின் பிற்பகுதியில், ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரம் தயாராகத் தொடங்கியிருந்தது. நுண்ணிய வேலை என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்று இருந்த மனப்பழக்கம் உடைந்த காலம் அது. கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் இங்கே கடிகாரம் கோத்தார்கள் என்றால், மதுரைப் பக்கத்துக் கிராமப் பெண்கள் அங்கே உருப்பெருக்கிக்குக் கீழே லென்ஸைச் சோதித்துப் பொட்டலம் கட்டினார்கள். ஒவ்வொரு லென்ஸின் பவரும் அளக்கப்படும். கீறலோ குமிழோ இருந்தால் ஒதுக்கப்படும். வாயுவில் கிருமி நீக்கி உறையில் மூடப்படும். ஐரோப்பியத் தரச் சான்று பெற்று, அந்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அப்படியென்றால் கவுன்டரில் நிற்கும் மகனுக்கு ஒரு பதில் உண்டு. ‘லோக்கல்’ என்று அவனிடம் சொல்லப்படும் லென்ஸ் அநேகமாக உலகம் முழுக்கக் கண்களில் உட்கார்ந்திருக்கும் லென்ஸ்தான். விலை குறைந்தது தரத்தை வெட்டியதால் அல்ல, லாபத்தை வெட்டியதால்.

லென்ஸின் விலை இறங்கியதும் ஆபரேஷன் செலவும் இறங்க வேண்டியிருந்தது. சார்லஸ் கெல்மன் 1967இல், பல் மருத்துவரின் அதிர்வுக் கருவியிலிருந்து பெற்ற யோசனையில், புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையைக் கொண்டுவந்தார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும். மடித்துச் செலுத்தும் லென்ஸ் உள்ளே போய் விரியும். ஆனால் இயந்திரம் விலை கூடியது. இந்தியாவும் நேபாளமும் கையாலேயே செய்யும் இன்னொரு வழியைச் செம்மைப்படுத்தின. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஆறேழு மில்லிமீட்டரில் சாய்வாக ஒரு சுரங்கம் வெட்டி, புரையை முழுசாக வெளியே எடுத்து, மடிக்காத லென்ஸை வைப்பது. கண்ணின் உள்ளழுத்தமே சுரங்க வாயை மூடிவிடுவதால் தையல் வேண்டாம். இரண்டு முறையிலும் மாம்பழத்தின் சதையை எடுத்துத் தோலை விட்டுவைப்பதுபோல லென்ஸின் உறையை மட்டும் உள்ளே விட்டுவைக்கிறார்கள். புது லென்ஸ் அந்த உறைக்குள் உட்காருகிறது. காத்மாண்டுவில் சந்துக் ரூயித் குழு இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. முற்றிய, கல்லாய் இறுகிய புரைக்குக் கைமுறையே பாதுகாப்பு என்று கருதும் மருத்துவர்கள் உண்டு.

1994இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் தொடங்கிய புரை ஒழிப்புத் திட்டம் அரசு மருத்துவமனைகளையும் லென்ஸுக்கு மாற்றியது. சோடாபுட்டி மெல்ல மறைந்தது.

இன்று தேர்வுகள் பெருகிவிட்டன. ஒற்றைக்குவிய லென்ஸ் தூரத்தைத் தெளிவாக்கும். படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். கருவிழியின் வளைவு கோணலாக இருப்பவருக்கு டோரிக் லென்ஸ் உண்மையிலேயே உதவும். பல்குவிய லென்ஸ் கண்ணாடித் தேவையைக் குறைக்கும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்; கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ராத்திரி லாரி ஓட்டுகிறவர் அதை வாங்கும்முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ‘லேசர்ல எடுத்துடுவாங்க’ என்பது பாதிதான் உண்மை: சில இடங்களில் வெட்டு போடவும் புரையைத் துண்டாக்கவும் லேசர் உதவும், உறிஞ்சி எடுப்பது வழக்கமான கருவிதான். என் கருத்தில், காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் லென்ஸின் பெயரைவிட ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் அளவைப் பற்றி அதிகம் கேட்க வேண்டும். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் இரண்டரை, மூன்று பவர் பிசகிவிடும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் அந்தப் பிழையைச் சரிசெய்யாது.

லென்ஸ் பிறந்த பிறகும் சாகாத பழைய சொல் ஒன்று இருக்கிறது: “புரை முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.” இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். சோடாபுட்டிக் காலத்தில் அது நியாயமான மருத்துவ அறிவுரை. முற்றிய புரையை எடுப்பது அன்று எளிது. ஒரு கண் ஓரளவு நன்றாக இருக்கும்போது மறு கண்ணைத் தொட்டால் எல்லாம் இரண்டாகத் தெரியும் என்பதால் பார்வை நன்றாகக் குறையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காரணங்கள் எல்லாம் லென்ஸோடு போய்விட்டன. காத்திருப்பு மட்டும் மிச்சம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் இரண்டு வருடம் முத்தவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிக்கலாம். முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றினால் வலியோடு நரம்பு கெடும். பிறகு எந்த லென்ஸை வைத்தும் பயனில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிறதா என்பதுதான் இன்றைய அளவுகோல். பூப்பறிக்கும் பெண்ணுக்கு அது ஒரு கட்டத்தில் வரும், கேஜ் பார்த்து அளக்கும் தொழிலாளிக்கு இன்னும் முன்னதாக வரும்.

நம் எல்லைப் பகுதியில் தாமதத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. மகன் ஷிப்ட் வேலையில். லீவு போட்டால் சம்பளம் போகும். பெங்களூருவா, சேலமா, உள்ளூரா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டே மாதம் ஓடும். தையல் இல்லாத ஆபரேஷன் சில நிமிட வேலை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள், பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். அரசு மருத்துவமனையிலும் முகாம்களிலும் இலவசமாக நடக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோருக்கும், அவர்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால், அதில் சிகிச்சை உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போக வேண்டும். ஆபரேஷன் ஆன சில நாளில் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். தொற்று மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். மாதமோ வருடமோ கழித்து மெல்ல மங்கினால் பயம் வேண்டாம். விட்டுவைத்த உறை மங்கியிருக்கும். அதில் லேசரால் ஒரு சிறு திறப்பு போடச் சில நிமிடம் போதும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்துப் போடாமல் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மறு கண்ணுக்கு ஆபரேஷன் என்று வரும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.